அணைந்திருக்கிறதா? கேஸ் அடுப்பு நாப்பில் குறியிடுவது

சமையலறை வாசலில் நின்று பார்த்தாலே அடுப்பு அணைந்திருக்கிறதா என்று தெரிய வேண்டும். கிட்டே போய்க் குனிந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, விரலால் தடவிப் பார்த்துத்தான் தெரியும் என்றால் அந்த அடுப்பில் குறி இல்லை என்றுதான் அர்த்தம். கம்பெனிக்காரர்கள் ஏதோ பொறித்துத்தான் அனுப்புகிறார்கள். ஒரு சின்னச் சுடர், ஒரு பெரிய சுடர், ஒரு புள்ளி. எவர்சில்வர் தகட்டில் அதே எவர்சில்வர் நிறத்தில் பொறித்திருப்பார்கள், அல்லது கறுப்புக் கண்ணாடி அடுப்பில் சாம்பல் நிற அச்சில் போட்டிருப்பார்கள். இரண்டு மூன்று வருடம் நார் போட்டுத் தேய்த்த பிறகு அதுவும் இருக்காது.

சென்னை அசோக் நகரின் பழைய வீட்டு வசதி வாரியக் குடியிருப்புகளில் இந்தத் தொல்லை இன்னும் கொஞ்சம் கூடுதல். சமையலறை ஒடுக்கம். ஒரே ஒரு ஜன்னல், அதிலும் பக்கத்து பிளாக்கின் சுவர் பாதி வெளிச்சத்தை மறைத்துவிடும். ட்யூப்லைட் சமைப்பவரின் முதுகுக்குப் பின்னால் சுவரில் இருக்கும். அடுப்பு முன்னால் நின்றதும் உங்கள் நிழல்தான் நாப்கள் மேல் விழும். அவற்றை இடித்துவிட்டு எழுந்த புதிய அடுக்ககங்களில் இடம் தாராளம். ஆனால் அங்கே கறுப்பு கிரானைட் மேடை, கறுப்புக் கண்ணாடி அடுப்பு, கறுப்பு நாப் என்று எல்லாமே கறுப்பு.

குறி போடுவதற்கு முன் நாப் எப்படித் திரும்புகிறது என்று ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். நம் ஊர் அடுப்புகளில் பெரும்பாலானவை ஒரே மாதிரிதான். அணைந்த நிலையில் நாப்பின் முனை மேலே, கடிகாரத்தில் 12 இருக்கும் இடத்தைப் பார்க்கும். அழுத்தி இடதுபுறம் திருப்பினால் 9 மணி இடத்தில் முழுச் சுடர். இன்னும் திருப்பி 6 மணிக்குக் கொண்டுபோனால் சிம். உள்ளே இருக்கும் பித்தளை வால்வு அப்படிச் செய்யப்பட்டது. பற்ற வைக்கும்போது கேஸ் தாராளமாக வர வேண்டும் என்பதற்காகப் பெரிய துளை முதலில் வருகிறது, சிறிய துளை கடைசியில். சிம்முக்குப் பக்கத்தில்தான் ஆஃப் இருக்கும் என்று மனசு நினைக்கும். உண்மையில் சிம்தான் ஆஃபிலிருந்து மிகத் தூரத்தில் இருக்கிறது. சிம்மிலிருந்து அணைக்க வேண்டுமானால் முழுச் சுடரைத் தாண்டித்தான் வர வேண்டும்.

இதில் ஒரு பெரிய பொறி ஒளிந்திருக்கிறது. பல நாப்களில் பிடித்துத் திருப்ப நடுவில் ஒரு பட்டையான மேடு இருக்கும். 12 மணியில் அந்தப் பட்டை செங்குத்தாக நிற்கும். 6 மணியிலும் செங்குத்தாகத்தான் நிற்கும். ஆக, தூரத்திலிருந்து பார்த்தால் ஆஃபும் சிம்மும் ஒரே தோற்றம்! முழுச் சுடரில் எரியும் அடுப்பை யாரும் மறந்துவிட்டுப் போவதில்லை, சத்தமே கூப்பிட்டுவிடும். மறப்பது சிம்மில் வைத்ததைத்தான். பகல் வெளிச்சத்தில், பாத்திரத்துக்கு அடியில், அந்தச் சின்ன நீலச் சுடர் கண்ணுக்கே தெரியாது. ஜன்னல் காற்றிலோ, பொங்கி வழிந்த பாலிலோ அது அணைந்துவிட்டால் கேஸ் மட்டும் வந்துகொண்டிருக்கும். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் தரையோடு தேங்கி நிற்கும். அதனால் நாப்பின் குறி முக்கியமாகச் செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான்: ஆஃபையும் சிம்மையும் பிரித்துக் காட்டுவது. மற்றதெல்லாம் வசதிக்கு.

அதற்கு நான் சொல்லும் வழி எளிது. நாப்பின் பட்டையில் ஒரு முனையில் மட்டும், அதாவது அணைந்திருக்கும்போது மேலே இருக்கும் பாதியில், ஒரு தடித்த கோடு. அதற்கு நேர் மேலே அடுப்பின் உடம்பில் இன்னொரு கோடு, முன்பலகையில் இடம் இருக்கும் அளவுக்கு நீளமாக. அணைந்திருந்தால் இரண்டும் சேர்ந்து ஒரே நேர்க்கோடு. எங்கே திருப்பியிருந்தாலும் கோடு முறிந்து நிற்கும். மூன்று பர்னர் அடுப்பில் மூன்று முழுக் கோடுகள் தெரிந்தால் நிம்மதியாக விளக்கை அணைத்துவிட்டுப் போகலாம். எழுத்து வேண்டாம், படம் வேண்டாம், சிவப்பு பச்சை வேண்டாம்.

முழுச் சுடருக்கு நான் குறியே போடமாட்டேன். காதும் கண்ணும் அதைக் கண்டுபிடித்துவிடும். சிம்முக்கு 6 மணி இடத்தில் தொட்டால் தெரியும்படி ஒரு சின்னப் பொட்டு போதும், அதற்கு நிறம் தேவையில்லை. பிள்ளைகள் ஆசையாக நாலு நிறத்தில் ஸ்டிக்கர் ஒட்டித் தருவார்கள். ஒரு வாரம் கழித்து அந்த வீட்டுப் பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். "எது என்னன்னு யாருக்குப்பா ஞாபகம் இருக்கு?" என்பார். குறி அதிகமானால் எதுவும் கண்ணில் நிற்காது.

இனி நிறம். வயதான கண்ணுக்கு எழுத்து சின்னதாக இருப்பது மட்டும் பிரச்சினை அல்ல. அடுத்தடுத்து இருக்கும் இரண்டு நிறங்களைப் பிரித்துப் பார்க்கும் திறனும் குறைந்துவிடுகிறது. கண்ணின் லென்ஸ் வயதாக ஆக மஞ்சள் பூக்கிறது, கண்பாப்பா சுருங்குகிறது. 20 வயதில் விழித்திரைக்குப் போகும் வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் 60 வயதில் போகிறது. இதனால் கருநீலமும் கறுப்பும் ஒன்றாகிவிடும், வெள்ளையும் வெளிர் மஞ்சளும் ஒன்றாகிவிடும். ஆபத்து என்றால் சிவப்பு என்று நமக்குப் பழக்கம். ஆனால் கறுப்பு நாப்பில் சிவப்புக் கோடு மங்கலான சமையலறையில் காணாமல் போய்விடும். சிவப்பு பச்சை பிரித்தறிய முடியாதவர் வீட்டில் இருந்தால் சொல்லவே வேண்டாம். கறுப்பின் மேல் வெள்ளை, அல்லது பளிச்சென்ற மஞ்சள். வேறு எதையும் யோசிக்க வேண்டாம்.

எவர்சில்வர் தகடு மட்டும் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். ஜன்னல் அதில் பட்டால் வெள்ளை, உங்கள் புடவையோ சட்டையோ பட்டால் அந்த நிறம். அதன் மேல் நேரடியாக எந்தக் கோடு போட்டாலும் ஒரு கோணத்தில் தெரியும், இன்னொரு கோணத்தில் மறையும். அதனால் முதலில் பளபளப்பில்லாத கறுப்பு வினைல் துண்டு ஒன்றை ஒட்டி, அதன் மேல் வெள்ளைக் கோடு. கரும்பலகையில் சுண்ணக்கட்டியால் எழுதியது கடைசி பெஞ்சுவரை தெரிந்ததே, அதே கணக்குதான்.

போட்ட குறி போதுமா என்று சோதிக்கக் காசு செலவில்லாத வழி ஒன்று உண்டு. கைபேசி கேமராவைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றி, வாசலில் நின்று அடுப்பைப் படம் எடுங்கள், மாலை ஆறரை மணி வெளிச்சத்தில். படத்தில் கோடு சாம்பலோடு சாம்பலாகக் கலந்துவிட்டால் உங்கள் அம்மாவின் கண்ணுக்கும் அப்படித்தான் தெரியப்போகிறது.

நேற்றுவரை தெரிந்த நாப் இன்று தெரியவில்லை என்று யாராவது சொன்னால், பெயின்ட் டப்பாவைத் தேடுவதற்கு முன்னால் கண் மருத்துவரைத் தேடுங்கள். புரையாக இருக்கலாம், சர்க்கரையாக இருக்கலாம். 1819இல் தொடங்கிய அரசு கண் மருத்துவமனை எழும்பூரில் இருக்கிறது. 1978இல் தொடங்கிய சங்கர நேத்ராலயா நுங்கம்பாக்கத்தில், அசோக் நகரிலிருந்து அதிக தூரமில்லை. சிகிச்சைக்குப் பிறகும் பார்வை குறைவாகவே இருப்பவர்கள், அன்றாட வீட்டு வேலைகளைத் தாங்களே செய்துகொள்ளும் பயிற்சி பற்றிப் பூந்தமல்லியில் இருக்கும் தேசியப் பார்வை மாற்றுத்திறனாளிகள் மேம்பாட்டு நிறுவனத்தின் மண்டல மையத்தில் விசாரிக்கலாம்.

வெளிச்சத்தைப் பற்றி இரண்டே வரி. மேடைக்கு மேலே உள்ள அலமாரியின் அடிப்பக்கத்தில், முன் விளிம்பை ஒட்டி ஒரு சின்ன எல்.இ.டி. பேட்டன் போடுங்கள். அடுப்புக்கு நேர் மேலே வேண்டாம், ஆவியும் எண்ணெய்ப் பிசுக்கும் ஏறும். வெளிச்சம் நமக்கு முன்னாலிருந்து நாப் மேல் விழ வேண்டும். பல வீடுகளில் இதைச் செய்ததுமே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடுகிறது.

எதனால் குறி போடுவது? கையில் இருப்பது நெயில் பாலிஷ். வெள்ளை நெயில் பாலிஷ் கறுப்பு பிளாஸ்டிக்கில் நன்றாகப் பிடிக்கும், இரண்டு பூச்சு கொடுத்தால் சில மாதம் தாங்கும். ஆனால் அது எளிதில் தீப்பிடிக்கும் சமாச்சாரம். ரெகுலேட்டரை மூடி, அடுப்பு முழுக்க ஆறிய பிறகு, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டுதான் பூச வேண்டும். வாசனை போகும்வரை பற்ற வைக்கக் கூடாது. எனாமல் பெயின்ட் இன்னும் உழைக்கும், ஆனால் ஒரு கோட்டுக்காக ஒரு டப்பா வாங்கி மீதியை மூன்று வருடம் பரணில் வைத்திருக்க வேண்டும்.

வினைல் ஸ்டிக்கருக்குக் கே.கே. நகர் பக்கம் போங்கள். டி.என். 09 வண்டிகளைப் பதிவு செய்யும் ஆர்.டி.ஓ. அலுவலகம் அங்கே இருப்பதால் நம்பர் பிளேட் ஸ்டிக்கர் வெட்டித் தரும் கடைகளுக்குக் குறைவில்லை. அளவைச் சொன்னால் மெஷினில் வெட்டித் தருவார்கள், கடையில் கிடக்கும் துண்டு வினைலே போதும். "ரேடியம் போடட்டுமா சார்?" என்று கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள். வண்டிக்குப் போடுவது, விளக்கை அடித்தால் அந்த விளக்கின் பக்கமே வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் வகை. சமையலறையில் யாரும் ஹெட்லைட்டோடு நிற்பதில்லை. இருட்டில் தானாக ஒளிரும் பச்சை ஸ்டிக்கர் வேறு வகை. அதற்குப் பகலில் நல்ல வெளிச்சம் பட்டிருக்க வேண்டும், ஒடுங்கிய சமையலறையில் அது நடக்காது.

தொட்டுத் தெரிவதற்கு எம்-சீல்தான் என் தேர்வு. குழாய்க் கசிவுக்கு வாங்கியதில் மீதி எந்த வீட்டிலும் கிடக்கும். இரண்டு மாவையும் சம அளவு எடுத்து ஒரே நிறம் வரும்வரை பிசைந்து, அரிசி அளவுக்கு உருட்டி, நாப் பட்டையின் மேல்முனையில் நீளவாக்கில் வைத்து அழுத்துங்கள். கை கழுவ மறக்க வேண்டாம். ஒரு இரவு விட்டால் கல் போல ஆகிவிடும். அதன் மேல் வெள்ளைப் பூச்சு. இப்போது கண்ணுக்கும் தெரியும், விரலுக்கும் தெரியும். கண்ணாடி போடாமல் எழுந்து வந்து காலையில் பால் காய்ச்சுபவருக்கு விரலில் படுவதுதான் முக்கியம். துணியில் வரைகிற 3டி அவுட்லைனர் ட்யூபையும் சிலர் பயன்படுத்துகிறார்கள். கோன் பிடித்து மருதாணி போட்டுப் பழகிய கைக்கு அது சுலபம். ஆனால் எண்ணெய்க் கையில் நாளடைவில் உரிந்து வந்துவிடுகிறது.

வேலையைத் தொடங்கும்போது ரெகுலேட்டரை மூடுங்கள். நாப்களை நேராக முன்னால் இழுத்தால் கழன்று வரும். ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும் இடது, நடு, வலது என்று மார்க்கரால் எழுதிவிடுங்கள். சோப்பு நீரில் பிசுக்குப் போகக் கழுவி, துடைத்து, கடைசியில் சானிடைசரில் நனைத்த துணியால் ஒருமுறை துடைத்துக் காய விடுங்கள். பிசுக்கு ஒட்டியிருந்தால் எதுவும் பிடிக்காது. மண்ணெண்ணெய், தின்னர் எல்லாம் அடுப்பின் பக்கமே வர வேண்டாம்.

கழற்றிய கையோடு நாப்பின் உட்துளையைப் பாருங்கள். வால்வின் தண்டு முழு வட்டமாக இருக்காது, ஒரு பக்கம் சீவியிருக்கும். நாப்பின் துளையிலும் அதற்கேற்ற தட்டைப் பக்கம் இருக்கும். அதனால்தான் நாப் தப்பான கோணத்தில் நுழையாது. ஆனால் சூட்டில் அந்த பிளாஸ்டிக் விரிசல் விட்டிருந்தால் நாப் மட்டும் சுற்றும், தண்டு சுற்றாது. நீங்கள் அழகாகப் போட்ட கோடு நேராக நிற்கும், உள்ளே வால்வு திறந்திருக்கும். குறி இல்லாத நாப்பைவிடப் பொய் சொல்லும் நாப் மோசம். நூல் சுற்றியும் பேப்பர் செருகியும் சமாளிப்பதைப் பல வீடுகளில் பார்க்கலாம், தயவுசெய்து வேண்டாம். பழைய நாப்பைக் கையோடு எடுத்துக்கொண்டு மேற்கு மாம்பலத்தில் ஏதாவது ஒரு ஸ்டவ் ரிப்பேர் கடைக்குப் போனால் அதே துளை அளவில் புதியது கிடைக்கும். தண்டின் அளவு அடுப்புக்கு அடுப்பு மாறும் என்பதால் பழையதைக் காட்டாமல் வாங்காதீர்கள். சர்வீஸ் செய்ய வருபவர் நாப்களைக் கழற்றி மாட்டிவிட்டுப் போன பிறகும் கோடுகள் சேர்கின்றனவா என்று பாருங்கள்.

எந்த நாப் எந்த பர்னருக்கு என்பது இன்னொரு குழப்பம். இரண்டு பர்னரில் கேள்வியே இல்லை. மூன்றில் நடு நாப் பின்னால் உள்ள சின்ன பர்னருக்கு என்று பழகிவிடும். நான்கில்தான் வினை. நான்கு பர்னர் சதுரமாக, நான்கு நாப் வரிசையாக. அமெரிக்காவில் அல்ஃபோன்ஸ் சாபானிஸ், லிண்டன்பாம் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1959இலேயே அடுப்பு பர்னர்களையும் நாப்களையும் பல விதமாக அடுக்கி ஆட்களை வைத்துச் சோதித்தார்கள். பின்னால் வடிவமைப்பு அறிஞர் டொனால்ட் நார்மன் மோசமான வடிவமைப்புக்கு எடுத்துக்காட்டாக இதே அடுப்பைத்தான் தன் புத்தகத்தில் பிடித்துக்கொண்டார். இத்தனை வருடம் ஆகியும் கடையில் வரிசை நாப்தான் விற்கிறது. வாங்குவதற்கு முன்னால் யோசிக்க முடிந்தால் மூன்று பர்னரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஏற்கனவே நான்கு இருந்தால், பின்வரிசை பர்னர்களுக்கான இரண்டு நாப்களின் கீழே மட்டும் ஒரு குறுக்குக் கோடு போடுங்கள். கோடு இருந்தால் பின்னால், இல்லாவிட்டால் முன்னால்.

இனி மேடைக்குக் கீழே. உண்மையான ஆஃப் அங்கேதான் இருக்கிறது. ரெகுலேட்டர் சுவிட்ச் எந்தப் பக்கம் இருந்தால் மூடியது என்று இருட்டில் தடவித் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. மூடிய நிலையில் சுவிட்ச் நிற்கும் பக்கத்தில், ரெகுலேட்டரின் உடம்பின் மேல், வெள்ளை வினைல் துண்டு ஒன்று ஒட்டுங்கள். இங்கே எம்-சீல் வேண்டாம். ரெகுலேட்டர் கேஸ் கம்பெனியின் சொத்து, அதைக் கழற்றி மாட்ட எந்த இடையூறும் இருக்கக் கூடாது.

கீழே குனிந்ததோடு இன்னும் இரண்டு குறிகளைப் படித்துவிடலாம். 14.2 கிலோ சிலிண்டரின் தலைப்பக்கம், பிடி வளையத்தைத் தாங்கும் பட்டைகளின் உள்பக்கத்தில் ஓர் ஆங்கில எழுத்தும் இரண்டு இலக்கமும் பெயின்டில் இருக்கும். 'ஏ' என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை, 'பி' அடுத்த மூன்று மாதம், 'சி' அதற்கடுத்தது, 'டி' அக்டோபர் முதல் டிசம்பர். இலக்கம் வருடம். அந்தக் காலாண்டுக்குள் சிலிண்டரை மறுசோதனைக்கு அனுப்ப வேண்டும். தேதி கடந்ததைக் கொண்டுவந்தால் வாங்க வேண்டாம். ஆரஞ்சு நிற சுரக்ஷா ட்யூபுக்கு ஆயுள் 5 வருடம். அதன் மேல் அச்சிட்ட தேதி எறும்பு ஊர்ந்தது போல இருக்கும். ஒருமுறை டார்ச் அடித்துப் படித்து, அலமாரிக் கதவின் உள்பக்கத்தில் கட்டை விரல் உயரத்துக்குப் பெரிய இலக்கத்தில் எழுதி வையுங்கள். அதற்குக் கீழே 1906 என்றும் எழுதுங்கள். கேஸ் கசிவுக்கான அவசர எண் அது. வீட்டுக்குக் குழாய் கேஸ் வந்துவிட்டது என்றால் ரெகுலேட்டர் இருக்காது, சுவரில் ஒரு கைப்பிடி வால்வு இருக்கும். கைப்பிடி குழாயோடு ஒட்டி நீளவாக்கில் இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது. கைப்பிடிக்கு ஒரு சுற்று மஞ்சள் டேப் போதும்.

காற்றுக்கும் ஒரு குறி வேண்டும், இதை யாரும் செய்வதில்லை. பர்னருக்குக் கேஸ் கொண்டுபோகும் குழாயின் தொடக்கத்தில் காற்று நுழையத் துளை இருக்கிறது. சில அடுப்புகளில் அதன் மேல் நகர்த்தக்கூடிய ஒரு வளையம் இருக்கும். காற்று குறைந்தால் சுடர் மஞ்சளாகும், பாத்திரத்தின் அடி கரியாகும். மெக்கானிக் அதைச் சரிசெய்து நீலச் சுடர் வந்ததும், அவரிடமே சொல்லி வளையத்தின் மேலும் குழாயின் மேலும் சேர்த்து ஒரே கோடாகக் கீறச் சொல்லுங்கள். பிறகு எப்போதாவது சுடர் மஞ்சளானால், கோடு விலகியிருக்கிறதா என்று பார்த்தாலே காரணம் வளையமா அழுக்கா என்று தெரிந்துவிடும்.

விறகு, கரி அடுப்புகளுக்கும் இந்தக் காற்றுக் கணக்கு பொருந்தும். கும்முட்டி அடுப்பின் கீழ்வாயை அடைத்தும் திறந்தும் தணலை அடக்கிய தலைமுறை, காற்றைக் கையால் அளந்த தலைமுறை. ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இரும்பு விறகு அடுப்பு வைத்திருக்கும் உறவினர் யாராவது இருந்தால், அவர்கள் வீட்டு அடுப்பின் காற்றுத் தடுப்பானும் கறுப்பில் கறுப்பாகத்தான் இருக்கும். அங்கே நெயில் பாலிஷும் வினைலும் கருகிப்போகும். பைக் சைலன்சருக்கு அடிக்கும் வெப்பம் தாங்கும் சில்வர் பெயின்ட் கேளுங்கள், ஜி.பி. ரோடு உதிரி பாகக் கடைகளில் கிடைக்கும். அரத்தால் ஒரு பள்ளம் கீறி அதற்குள் அந்த பெயின்டை இறக்கினால் மேலே தேய்ந்தாலும் பள்ளத்தில் நிற்கும்.

பல இண்டக்ஷன் அடுப்புகளில் நாப்பே கிடையாது, வழவழப்பான கண்ணாடியில் தொடும் இடங்கள்தான். தொடும் இடத்தின் மேல் எதையும் வைக்காமல், ஆஃபுக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு சின்ன எம்-சீல் பொட்டு வையுங்கள். விரல் பொட்டைத் தேடிக் கண்டுபிடித்து அங்கிருந்து நகர்ந்துகொள்ளும்.

போட்ட குறி நிலைப்பது தேய்ப்பவர் கையில் இருக்கிறது. வீட்டு வேலைக்கு வருபவரிடம் காரணத்தோடு சொல்லுங்கள்: "அக்கா, இந்தக் கோடு பாட்டிக்காகப் போட்டது. இந்தப் பக்கம் மட்டும் கம்பி நார் வேண்டாம், ஈரத் துணி போதும்." போகிக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போது நாப்களைக் கழற்றி, விரிசல் இருக்கிறதா என்று பார்த்து, வெள்ளையை ஒரு பூச்சு புதுப்பித்துவிடுங்கள். நெயில் பாலிஷ் போட்டவர்கள் ஆடியிலும் ஒருமுறை.